கறுப்புப் பனியில் அத்தானின் ஓட்டம்

என் அக்காவைக் கட்டியவருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் தன் போட்டோவுக்குப் பின்னால் நிற்க வந்தது போலத்தான் தோன்றும். லண்டனில் இருக்கிறார். யாங்கோனுக்கு வந்தால் தாகேதா பகுதியில் என் வீட்டில்தான் தங்குவார். கரண்ட் போனால் நான்தான் பிடுங்கிவிட்டேன் என்பது போல என்னைப் பார்ப்பார்.

அக்கா வற்புறுத்தி ஒரு முறை நான் லண்டன் போயிருந்தபோது, அத்தான் எங்கள் இருவரையும் ஐஸ்லாந்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பனியாறு. மலையிலிருந்து கீழே இறங்கிக் கிடக்கும் பிரம்மாண்டமான பனிக்கட்டி, அதன்மேல் ஏறி நடக்கலாம். வெள்ளையில் எடுப்பாகத் தெரியும் என்று தனக்கு மட்டும் சிவப்புக் கோட்டு வாங்கியிருந்தார்.

போய்ப் பார்த்தால் பனி கறுப்பாக இருந்தது. சாக்கடையைத் தூர்வாரி ஓரத்தில் கொட்டியது போல மேடு மேடாகக் கருஞ்சாம்பல்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். எரிமலையே அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது அந்தக் குரல்.

வழிகாட்டி ஓர் இளம்பெண். காலணிக்கு அடியில் இரும்புப் பல் மாட்டிவிட்டு, பனிக்கு அடியில் எரிமலை இருப்பதைச் சொன்னாள். முன்பு அது கக்கிய சாம்பல்தான் இந்தக் கறுப்பு. அது மறுபடி பொங்கினால் பனி அடியிலிருந்து உருகி, வீடு அளவுப் பனிக்கட்டிகளை உருட்டிக்கொண்டு வெள்ளம் கடல்வரை ஓடும். நாங்கள் காரில் கடந்து வந்த கறுப்பு மணல்வெளி முழுக்க அப்படி வந்த வெள்ளங்கள் கொட்டிவிட்டுப் போனதுதான். ஆபத்து என்றால் போனில் செய்தி வரும், ஆனால் தான் சொல்லாமல் யாரும் அசையக் கூடாது என்றாள்.

நான் குனிந்து பனியைச் சுரண்டிப் பார்த்தேன். சாம்பலுக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே மறுபடி சாம்பல். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீரில் கைலியைத் தூக்கிப் பிடித்து நடப்பதைத்தான் வெள்ளம் என்று நினைத்திருந்தேன். அத்தானோ அவள் சொன்னதை அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு, அக்காவைப் படமெடுக்கச் சொல்லிக் கையை விரித்து நின்றார்.

அப்போது அவர் போன் ஒலித்தது. எடுத்தார். எச்சரிக்கை என்ற முதல் வார்த்தையைப் பார்த்ததுதான் தாமதம், அக்காவைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு ஓடினார். அக்கா உருகிய பனித் தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் குரலை உயர்த்தாமல் "நில்லுங்கள்" என்றாள். நின்றார். செய்தியை வாங்கிப் படித்தாள். கார் வாடகைக்குக் கொடுத்தவர்கள் அனுப்பியது. சாயங்காலம் காற்று பலமாக இருக்கும், கதவைப் பார்த்துத் திறக்கவும்.

நானும் அவளும் அக்காவைத் தூக்கிவிட்டோம். இவர் வந்து, "பாத்து நிக்கக் கூடாதா நீ?" என்று அக்காவைக் கேட்டார்.

போன வருடம் யாங்கோனுக்கு வந்தார்கள். சொந்தக்காரர்கள் என் வீட்டில் கூடியிருக்க, அத்தான் ஆரம்பித்தார். "எரிமலை வெடிக்கப் போவுதுன்னு தகவல் வந்துச்சு. இவ கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஒரே ஓட்டம்." தமிழ் பேச வராத பிள்ளைகள்கூட "ஹோட்லா, ஹோட்லா" என்று, நிஜமா நிஜமா என்று, பர்மியத்தில் வாயைப் பிளந்தார்கள்.

"அத்தான், காத்து அடிக்கும்னுதானே வந்துச்சு? அக்காவத் தள்ளிட்டுல்ல ஓடுனீங்க" என்றேன்.

அவர் சிரித்து மழுப்பினார். அக்கா தட்டில் இருந்த லப்பெட்டை, அந்தத் தேயிலைக் கலவையை, எல்லோருக்கும் எடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்கு எழுந்து போனாள். பின்னாலேயே போனேன்.

"கோவமாக்கா?"

"இல்லடா. அவரு ஓடுவாருன்னு கட்டுன நாள்லயே தெரியும். உனக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு."

எனக்கு அவரைவிட அவள்மேல்தான் எரிச்சல் வந்தது. தெரிந்துகொண்டே ஒருத்தி இத்தனை வருடம் இவருக்குப் படமெடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறாளே என்று.

மறு வாரம் அத்தான் மட்டும் லண்டனுக்குக் கிளம்பினார். அக்கா வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினில் ஒரு தோழி வீட்டுக்குப் போகப் போவதாகவும், எப்போது திரும்புவது என்று யோசிக்கவில்லை என்றும் சாதாரணமாகச் சொன்னாள். விமான நிலையத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அங்க எனக்கு யாரு சமைக்கிறது?"