காலி கேஜ் ஒரு தடவை

கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். நான் கெடுவதற்கு முன்பே சேர்ந்துவிட்டேன். இரண்டாயிரமாம் ஆண்டு. விடியற்காலையில் தங்கவயலின் ஊரிகம் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறிப் பெங்களூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய்வந்தேன். தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே பேசிய நேரம் அது. அப்பாவுக்கு அங்கேதான், ஆட்களை இறக்கவும் ஏற்றவும் மணியடிக்கிற வேலை. அது போனால் வீட்டுக்கு என் சம்பளம் ஒன்றுதான்.

நாங்கள் எழுதியது ஆஸ்பத்திரிகளுக்கான புரோகிராம். நோயாளியின் எடையைக் கொடுத்தால் எவ்வளவு மருந்து என்று சொல்லும். ஒன்பது பேரில் யார் ஒரு வரியை மாற்றினாலும், மூலையில் இருந்த கம்ப்யூட்டர் கணக்கு சரியாக வருகிறதா என்று சோதிக்கும் எல்லா டெஸ்டையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கும். மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். இன்னொரு கம்ப்யூட்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். மதுரைக்காரர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர்.

"ஆறு மாசமா ஒரு தடவைகூட ஃபெயில் ஆகாத டெஸ்டையெல்லாம் அழிச்சிருங்க. சும்மா நேரத்தைத் தின்னுது."

அவற்றில் முக்கால்வாசி நான் எழுதியவை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அழிக்க மாட்டேன் சார்," என்றேன்.

"தங்கவயல்காரங்க எல்லாத்தையும் தோண்டித் தோண்டித்தான் பாப்பீங்களா?" என்று சிரித்தார். பிறகு, "வெள்ளிக்கிழமைக்குள்ள வரிசை குறையணும். இல்லேன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்," என்றார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன்.

"போனா போவுது போ. ரெண்டு பேரும் வூட்ல குந்திக்கினு கேரம் ஆடலாம்," என்றார்.

வரிசையைப் பற்றி மேனேஜர் சொன்னது நியாயம். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஆனால் எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் ஒன்று தெரியும். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டைக் கேஜ் என்போம். நின்றிருந்த கேஜில் எவனும் உடனே ஏறமாட்டான். காலி கேஜ் ஒரு தடவை அடிவரை போய் வர வேண்டும். அதற்குச் சில நிமிஷம் போதும். வழியில் ரிப்பேர் நடந்திருந்தால் அந்த இடத்தையும் பார்ப்பார்கள். கேஜைத் தாங்கும் இரும்புக் கயிறு முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை. இதுவரை அறுந்ததில்லையே என்று பார்ப்பதை நிறுத்திய மடையன் எங்கள் ஊரில் இல்லை.

அதையே செய்தேன். யார் எதை மாற்றினாலும் பத்து நிமிஷத்தில் முடியும் முக்கியமான டெஸ்டுகள், கூடவே அவர்கள் கைவைத்த பகுதியின் டெஸ்டுகள். மொத்தமும் ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத ஆபீசில். ஒன்றையும் அழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரிசையே இல்லை.

"சொன்னதைச் செய்யலை, ஆனா கேட்டது நடந்திருச்சு. பாப்போம்," என்றார் மேனேஜர்.

மூன்றாவது திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகியிருந்தது. அழிக்கச் சொன்னவற்றில் ஒன்று, அதுவரை ஃபெயிலே ஆகாதது. ஆறு கிலோ குழந்தைக்குப் புரோகிராம் பத்து மடங்கு மருந்து காட்டியது. அன்று மதியம் புரோகிராம் பதிந்த டிஸ்க் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யார் மாற்றியது என்று தேடினேன். வியாழக்கிழமை மாலை, ரயிலுக்கு நேரமாகிவிட்டதே என்று அவசரமாக, எடையைப் படிக்கும் இடத்தில் நானே கைவைத்திருந்தேன். பெரியவர்களின் எடைக்குச் சரியாகவே வந்தது, பத்து நிமிஷ டெஸ்டுகளும் தேறின; பத்துக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கணக்கு கெடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். ஆனால் அந்த ரிசல்ட்டைக் காகிதத்தில் அச்செடுத்து மேனேஜர் மேசையில் வைத்தேன்.

"யாரு செஞ்சது இது?"

"நான்தான் சார்."

நிமிர்ந்து பார்த்தார். "நீங்க தப்பு பண்ண மாட்டீங்கன்னு நம்பித்தானே டெஸ்டை அழிக்கச் சொன்னேன்."

"நானே என்னை நம்பலை சார். அதனாலதான் மாட்டேன்னேன். இப்பவும் மாட்டேன்."

அவர் மதியம் போகவேண்டிய டிஸ்க்கை எடுத்துத் தன் டிராயரில் வைத்துப் பூட்டினார். நான் திருத்திவிட்டு, எல்லா டெஸ்டையும் முதலிலிருந்து ஓட்டினேன். மூன்று மணி நேரம். டீ குடிக்கக்கூட ஒருவரும் எழுந்து போகவில்லை.