சேர்ந்து கத்தியவர்கள்

இதை நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. கட்கியில் பள்ளி ஆசிரியராக இருந்து, நரி, ஓநாய், ஆமை என்று குழந்தைகளுக்குப் பொய்க் கதைகள் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். பொய்க் கதை எப்படி இருக்கும் என்பதை நன்றாக அறிவேன். இது பட்டப்பகலில், போசரித் தொழிற்பேட்டையில், என் காதால் கேட்டது.

என் பேத்தி வைஷாலி ஓர் இசைக்குழுவில் பாடுகிறாள். பாடுகிறாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, கத்துகிறாள். ஹார்ட்கோர் பங்க் என்று பெயர். பாட்டு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்; அதற்குள் ஒரு தெருச் சண்டைக்குப் போதுமான கோபம் இருக்கும். முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய, போசரியில் பூட்டிக் கிடந்த, இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். வியாழக்கிழமை அங்கே வார விடுமுறை. எந்த இயந்திரமும் ஓடாது. அந்த அமைதிக்காகவே அந்த இடம்.

வாசலில் டீக்கடை வைத்திருப்பவள் ஜமீலா. ஆம்பூர்க்காரி, போபோடியில் குடியிருப்பு. அவளுடைய கணவர் காதர் அதே ஷெட்டில் பிரஸ் ஓட்டியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாழக்கிழமை வேலைக்குப் போனார். மாலையில் சாலையோரம் பிணமாகக் கிடந்தார். ஒரு கை முற்றிலும் நசுங்கியிருந்தது.

"லாரி அடித்திருக்கும். வியாழக்கிழமை என் ஷெட் மூடியிருக்கும், உள்ளே ஆள் ஏது?" என்றார் முதலாளி.

ஒரே வாக்கியத்தில் ஒரு மனிதனின் சாவைத் துடைத்துப் போட்டார். ஜமீலா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் உள்ளேதான் இருந்தார் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அதற்காகவே அந்த வாசலை விட்டு அவள் நகரவில்லை. ஒருவரும் சொல்லவில்லை. என் கதைகளில் ஓநாய்கூடக் கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்.

வைஷாலி அவளுக்காக எழுதியதுதான் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று "கதவைத் திற!" என்று கத்த வேண்டிய இடம் மட்டும் மீதி இருந்தது. இந்த வகை இசையில் அது வழக்கமாம். பாடத் தெரிந்தவர், தெரியாதவர், வேடிக்கை பார்க்க வந்தவர் என எல்லோரையும் நிறுத்திக் கத்த வைப்பார்கள்.

"தாத்தா, ஆள் கம்மி யா. நீங்களும் வாங்க."

"எனக்கென்னம்மா தெரியும்?"

"நைன்த் பி கிளாஸ்ல கத்துவீங்களாமே, அம்மா சொல்லிருக்கா. அதே வேணும்."

டீ கொண்டுவந்த ஜமீலாவையும் பிடித்து நிறுத்தினார்கள். கிடார் வாசிக்கும் அபினவ், டிரம்ஸ் வாசிக்கும் ஹரீஷ், வைஷாலி, ஜமீலா, நான். ஐந்து பேர்.

வெளிச்சத்தம் வராதிருக்க ஹரீஷ் ஷட்டரை இறக்கினான். அப்போதுதான் பார்த்தேன். தகட்டில் பள்ளங்கள். வண்டி இடித்திருந்தால் உள்நோக்கிப் புடைத்திருக்கும். இவை வெளிநோக்கிப் புடைத்திருந்தன... தரையிலிருந்து முழங்கால் உயரத்தில்.

தொண்டை கிழியக் கத்தினோம். அபினவ் அதைப் போட்டுக் காட்டினான். எங்கள் ஐந்து குரல்கள். அவற்றுக்கு அடியில் இன்னொன்று.

"சங்கரா... கதவைத் திற!"

அபினவ் திரும்பினான். "யாருடா சங்கரா? காமெடி பண்ணாத ஹரீஷ்."

"ஏய், நான் இல்ல பா."

மறுபடியும் கத்தினோம். மறுபடியும் கேட்டோம். அதே குரல். இம்முறை இன்னும் அருகில்.

"நிறுத்துப்பா" என்றேன்.

"நிறுத்திட்டேன் சார்."

அபினவ் ஸ்பீக்கரின் வயரையே பிடுங்கினான்.

குரல் நிற்கவில்லை.

"சங்கரா..."

டம்.

ஷட்டர் அதிர்ந்தது. வெளியிலிருந்து அல்ல.

டம்.

முழங்கால் உயரத்தில்.

ஜமீலாவின் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. அவள் ஓடவில்லை. நேரே ஷட்டரிடம் போனாள். அது யார் குரல் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நாந்தாங்க. யாருங்க அந்தச் சங்கரன்? அவனை நான் பாத்துக்கிறேன்."

சத்தம் நின்றது.

அந்தக் குரலை அழிக்க வைஷாலி சம்மதிக்கவில்லை. ஆல்பம் அப்படியே வெளிவந்தது. சங்கரன் என்ற பெயரை எங்களில் ஒருவரும், ஜமீலாகூட, அதற்குமுன் கேட்டதில்லை. அபினவ் விசாரித்துக் கண்டுபிடித்தான்: ஷெட்டின் பழைய வாட்ச்மேன். இப்போது லோஹேகாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் நிற்கிறான்.

ஜமீலா, வைஷாலி, நான் மூவரும் போனோம். வைஷாலி கைபேசியில் பாட்டைப் போட்டாள். கேட்டவன் நாற்காலியில் சரிந்தான்.

"உள்ளதாம்மா இருந்தார்... லீவு நாள்ல மெஷின் ஓட்டறது தெரியக் கூடாதுன்னு முதலாளி வெளிய பூட்டச் சொன்னார். சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

"ஏன்டா திறக்கல?" என்றாள் ஜமீலா.

"முதலாளிக்கு போன் பண்ணேன். திறந்தா உன் வேலை போயிடும்னார். அப்புறம்... உள்ள நாலஞ்சு பேர் சேர்ந்து கத்தினாங்கம்மா, கதவைத் திறன்னு. பொம்பளைங்க குரல்கூட. இத்தனை பேர் இருக்காங்களே, பாத்துப்பாங்கன்னு போயிட்டேன். சாயங்காலம் திறந்தா... அவர் ஒருத்தர்தான். சாலையில கொண்டுபோய்ப் போடச் சொன்னார் முதலாளி."

"உள்ள இருந்தார்னு போலீஸ்ல சொல்லுவியா?"

"சொல்றேம்மா."

சொன்னான். ஜமீலா கேட்ட அந்த ஒரு சொல் அவளுக்குக் கிடைத்தது.

ஆனால் அன்று அந்த கேட்டில், அதுவரை வாய் திறக்காதிருந்த நான் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்: "ஒரு கதவைத் திறக்க உனக்கு என்னய்யா?"

சங்கரன் எழுந்தான். சுவர் முதுகில் இடிக்கும்வரை பின்னால் நகர்ந்தான்.

"சார்... அதுல ஒரு பெரியவர் குரல்... நீங்கதான் சார் அன்னிக்கு உள்ள இருந்தது."

நான் அந்த ஷெட்டுக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது, காதர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.