ஓடர் போட்டனான், வந்ததோ?

அந்தத் திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் செய்தது, கடைக்காரர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் அன்ரியின் மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்ததுதான். லைன் செத்துப்போச்சோ என்று சந்தேகம். ஊம் என்ற இரைச்சல் ஒழுங்காகக் கேட்டது. ஒயரை இழுத்துப் பார்த்தேன். என் கைபேசியிலிருந்து அந்த எண்ணுக்கு அடித்தேன்; கணீரென்று மணி அடித்தது. அன்ரி தன் கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன தம்பி, போன் வேலை செய்யுதுதானே?” என்றார். செய்தது. யாரும்தான் அழைக்கவில்லை. இந்த அமைதிக்காகத்தான் அத்தனை மாதம் நாயாய்ப் பேயாய் உழைத்தேன். அது கிடைத்த அன்று எனக்குச் சந்தோஷமே வரவில்லை. ஒன்றும் விளங்காமல் நின்றேன்.

கிரவீனில் இருந்த அந்த மொத்த வியாபார நிறுவனம் சிட்னி முழுக்க உள்ள நம் கடைகளுக்கு அரிசி, தேங்காய்ப்பால், மிளகாய்த்தூள், உறைந்த பரோட்டா எல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் போனில் ஆர்டர் சொல்வார்கள்; அங்கே அதற்கு ஓடர் என்று பெயர். அன்ரி கேட்டு, கணினியில் தட்டுவார். கிடங்கில் பெட்டிகளை ஏற்றுவார்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் கோயம்புத்தூர்க்காரன். எங்கள் ஊரில் ஆன்ட்டி என்போம். அங்கே எல்லாரும் அன்ரி என்றதால் எனக்கும் அவர் அன்ரி ஆகிவிட்டார். ஓர் ஓடருக்கு முன்னால் பிள்ளையின் பரீட்சை, மாமியாரின் முழங்கால், மழை என்று பேச்சு ஓடும். அதையெல்லாம் வெட்டி, கடைக்காரர்களே ஓர் ஆப் வழியாக நேரே கிடங்குக்கு ஓடர் அனுப்புகிற மாதிரி செய்யத்தான் முதலாளி என்னை வேலைக்கு எடுத்திருந்தார்.

ஆப் தயாரானது. நன்றாகவே வேலை செய்தது, என் வாயாலேயே சொல்லிக்கொள்கிறேன். கடைக்காரர்களும் மறுபேச்சில்லாமல் அதில் ஓடர் போட்டார்கள். போட்ட கையோடு அன்ரிக்குப் போன் அடித்தார்கள். “அன்ரி, ஓடர் போட்டனான், வந்ததோ?” அடக் கடவுளே! திரையில் பச்சை நிறத்தில் ‘வந்துவிட்டது’ என்று காட்டுகிறதே, அது போதாதா? போதாது. கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, போனிலும் ஒரு வார்த்தை சொன்னால்தான் அழைத்ததாகக் கணக்கு வைக்கிற ஜனங்கள் நாம். முன்பு ஓடர் சொல்ல மட்டும் அழைத்தவர்கள் இப்போது போட்டதைச் சொல்ல ஒருமுறை, வந்ததா என்று கேட்க ஒருமுறை அடித்தார்கள். அழைப்புகள் குறையவில்லை, கூடின. எனக்கு மண்டை காய்ந்தது.

முதலாளி ஒளித்துப் பேசுகிற ஆள் இல்லை. அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னார். “கிறிஸ்துமஸுக்குள்ள இந்த போன் தொல்லை அடங்கணும்ப்பா. அடங்கினா உன் ஸ்பான்சர் பேப்பர்ல கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா உன்னை வச்சு நான் என்ன பண்றது? அடங்கிட்டா அந்தம்மாவுக்கும் இங்க வேலை இல்லை.” விசாவுக்கு அவர் கையெழுத்து இல்லாவிட்டால் நானும் மனைவியும் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். ஆக, நான் இருந்தால் அன்ரி இல்லை, அன்ரி இருந்தால் நான் இல்லை. அவருடைய மேசை கதவுக்கு வெளியேதான். எவ்வளவு காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. அன்று மத்தியானம் வழக்கம்போல எனக்கும் சேர்த்து ரோல்ஸ் சூடாக்கித் தந்தார்.

உள்ளதைச் சொன்னால், அன்ரிதான் கடைக்காரர்களைத் தூண்டிவிடுகிறார் என்று நினைத்தேன். கேட்டும் விட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் ஒருத்தரையும் எடுக்கச் சொல்லேல்லைத் தம்பி. அவையள் எடுக்கினம். மணி அடிச்சா எடுக்காம இருக்கேலுமோ?” அவர் பேச்சில் போன் ‘எடுப்பது’ என்றால் அழைப்பதும்தான். சில வாரம் கழித்துத்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. முதலாளி என் தோளைத் தட்டினார். அந்த வெள்ளிக்கிழமை என் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டு அன்ரியைக் கூப்பிட்டு, அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்றார். வெளியே வந்த அன்ரி, அப்போதுதான் ஏதோ கணக்குத் தவறியவர் போலச் சற்று நேரம் நின்றார். பிறகு கோப்பையைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு, “போயிட்டு வாறன் தம்பி” என்றார்.

விஷயம் எனக்குத் தெரிந்தது டூங்கபியில் ஒரு கடைக்காரர் சொல்லித்தான். “உங்களுக்குத் தெரியாதோ? தம்பியின்ர பேப்பர் அலுவல் முடியுமட்டும் ஒருத்தரும் எடுக்காதேங்கோ, பிறகு வழமைபோல எடுங்கோ எண்டு அன்ரி எல்லாக் கடைக்கும் சொன்னவ. பிறகு நாங்கள் எடுத்தனாங்கள். அவ அங்க இல்லையெண்டு அப்பதான் தெரியும்.” கேட்டதிலிருந்து நான் குழம்பிக்கொண்டே இருக்கிறேன். அன்ரி தன் வேலையை எனக்காக விட்டுக்கொடுத்தாரா? அல்லது சில நாள் முதலாளியை ஏமாற்றிவிட்டு, நாங்கள் இருவரும் அங்கேயே இருந்துவிடலாம் என்று திட்டம் போட்டு, முதலாளியின் வேகத்தில் தோற்றுப்போனாரா? முதலாவது என்றால் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். இரண்டாவது என்றால் எனக்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கோபம் வருகிறது. அவர் வீடு மாறிப் போயிருந்தார். தேடிப் பிடிக்கத் துணிச்சலும் வரவில்லை. இன்று அந்த அலுவலகத்தில் ஓடர்கள் சத்தமில்லாமல் வருகின்றன, போகின்றன. எந்தக் கடைக்காரருடைய மாமியாருக்கு முழங்கால் வலி என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

போன மாதம் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷன் வாசலில் அன்ரியைப் பார்த்தேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். இளைத்திருந்தார். இத்தனை வருடம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த கேள்வி தொண்டை வரை வந்தது. அதற்குள் அவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, “தம்பி, பேப்பர் வந்திட்டுதோ?” என்றார். வந்து குடியுரிமையும் வாங்கி வருஷக்கணக்கில் ஆகிறது. “வந்துடுச்சு அன்ரி” என்றேன். “அப்ப இனி கடைக்காரரை எடுக்கச் சொல்லலாம்தானே?” முகத்தில் சிரிப்பு இருந்தது. கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. மகளைப் பார்த்தேன். அவள், “மம், ட்ரெயின் வருது, கமான்” என்றாள். “சொல்லுங்க அன்ரி” என்றேன். அவர் உடனே கைப்பையைத் திறந்து போனைத் தேடத் தொடங்கினார்.