மேளம் நின்ற இரண்டு நொடி

துளசிராம் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் அழகர்கோவில் ரோட்டில் ஒரு காதுகுத்து வீட்டு முன்னால் வேப்பமரத்தில் ஏணி சாத்தி ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். தொழில் நண்பர் ஒருவர் செல்போனில் கூப்பிட்டார். "அண்ணே, விஷயம் தெரியுமா? நம்ம சிடி துளசிராம் போயிட்டாராம். காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்" என்றார். அதே மூச்சில், "உங்க சின்ன ஆம்ப்ளிஃபயர் நாளைக்குச் சும்மாதான இருக்கு?" என்றும் கேட்டார். திட்டக்கூடத் தெம்பில்லை. இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். பாதி கட்டிய குழாயை அப்படியே விட முடியாதே என்று மறுபடியும் ஏறினேன். சமீப காலமாகச் சாவுச் செய்திகள் எல்லாம் எனக்கு இப்படித்தான் வேலைக்கு நடுவில் வருகின்றன. அழுவதற்கு என்று தனியாக நேரம் கிடைப்பதில்லை.

இதைப் படிக்கும் ஒலிபெருக்கிக்காரர்களில் பாதிப் பேராவது கீழவாசல் பக்கத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்த துளசிராம் அண்ணன் கடையில் குனிந்து நுழைந்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேசட் போய் சிடி வந்த காலத்தில் நமக்கெல்லாம் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் காசு கொடுத்து எழுதி வாங்கிய சிடி அங்கே பாடும். மண்டபத்தில் வைத்தால் பிளேயர் 'நோ டிஸ்க்', தட்டு இல்லை என்று காட்டும். துளசிராம் அண்ணன் எழுதிய தட்டு மட்டும் எதில் போட்டாலும் பாடியது. பாட்டை வெட்டி ஒட்டியபின் பழைய பிளேயருக்கும் புரிகிற முறைக்கு மாற்றுவார். எவ்வளவு கூட்டம் நின்றாலும் மெதுவான வேகத்தில்தான் எழுதுவார். கடைசியில், இனி இதில் எதுவும் சேர்க்க முடியாது என்று தட்டை மூடுவார். அந்த மூடுகிற வேலையை விட்டுவிடுவதால்தான் மற்றவர்கள் தட்டு பாடாமல் போகிறது என்பார். "எழுத எல்லாரும் எழுதுவாய்ங்க மாப்ள, மூடத்தான் ஒருத்தனுக்கும் பொறுமை கெடையாது." அவர் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், நான் சோழவந்தான் பக்கத்து விவசாயக் குடும்பம். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். முறை பார்த்தால் இடிக்கும். மதுரையில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

கடையில் அவர் ஓட்டை உடைசலான பிளேயர்களாகப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்தார். ஒன்றுக்கு மூடி நிற்காது, ரப்பர் பேண்டு போட்டிருப்பார். கார் பிளேயர் ஒன்றை பேட்டரியில் மாட்டி வைத்திருந்தார். எழுதிய தட்டு அத்தனையிலும் பாடினால்தான் உறைக்குள் போகும். ஒருமுறை ஆண்டு விழாப் பாட்டு எழுத வந்த வாத்தியார் ஒருவர், "இதெல்லாம் சரி, எங்க ஸ்கூல் டெக்ல பாடலைன்னா என்ன செய்றது?" என்று கேட்டார். அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அந்த டெக்கத் தூக்கிட்டு வாங்க" என்றார். அந்த மனிதர் மறுநாள் உண்மையிலேயே திருவாதவூர் பஸ்ஸில் டெக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். இருவரும் அதைக் கேட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நான் வெளியே நின்று நின்று கால் கடுத்துப்போய்த் திட்டிக்கொண்டே போனேன்.

இப்போது அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். அவரைப் பற்றி எழுதிவிட்டு அதை எழுதாமல் விட்டால் அவரை அறிந்தவர்கள் என்னை விடமாட்டார்கள். மணமகளின் அப்பா அந்தக் கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர். நல்ல செல்வாக்கு உள்ளவர். கடைசி நேரத்தில் நாதஸ்வரக் குழு வர முடியாமல் போனதால் மங்கள இசைக்குச் சிடி போதும் என்று முடிவானது. கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் கடைக்கு வந்து, "தாலி கட்டி முடியுற வரைக்கும் கெட்டிமேளம் நிக்கவே கூடாது துளசி. தும்மல், இருமல், ஒரு அபசகுன வார்த்தை எதுவும் யார் காதுலயும் விழக் கூடாது" என்று சொன்னார். அண்ணனிடம் இருந்த கெட்டிமேளம் சின்னது. அதையே நான்கு முறை அடுத்தடுத்து வைத்து எழுதினார். வழக்கமாக அவற்றை ஒட்டி ஒரே துண்டாக்கிவிடுவார். அன்று கல்யாண வீட்டுக்காரர் தலைக்குமேல் நின்று அவசரப்படுத்தியதில் தனித்தனிப் பாட்டாகவே எழுதிவிட்டார். இரண்டு பாட்டுக்கு நடுவில் கம்ப்யூட்டர் தானாகவே இரண்டு நொடி இடம் விடும். அதை எடுத்துவிட மறந்துபோனார். எனக்குத் தெரிந்து அவர் செய்த ஒரே தப்பு அது.

அந்தக் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி என்னுடையது. எனக்கு அது தொடர்ச்சியாக வந்த முகூர்த்தங்களில் ஒன்று. கண் எரிந்துகொண்டிருந்தது. ஐயர் கையைக் காட்டினார், நான் மேளத்தைப் போட்டு ஏற்றினேன். அட்சதை பறக்கத் தொடங்கியது. மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோகவும் மேளம் பட்டென்று நின்றது. மண்டபமே அமைதியாக இருந்த அந்த இரண்டு நொடியில், என் குழாய்கள் அத்தனையிலும் ஒரு பெண் குரல் கேட்டது. "வேண்டாம்." அவ்வளவுதான், மேளம் மறுபடி அடிக்கத் தொடங்கியது. நான் அதை நிறுத்தினேன். மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடியே அசையாமல் நின்றார்.

குரல் மேடையிலிருந்து வந்ததா, சிடியிலிருந்து வந்ததா என்று முன்வரிசையில் இருந்தவர்களுக்கே குழப்பம். மந்திரம் சொல்ல ஐயர் முன்னால் வைத்திருந்த மைக் அணைக்காமலே இருந்தது. பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் அப்பா அந்தக் குழப்பத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். விருந்தாளியாக வந்திருந்த அண்ணனைப் பந்திக் கூடத்துக்குப் போகிற வழியில் தள்ளிக்கொண்டு வந்தார். சிடியைக் கொண்டு வரச் சொல்லி என்னையும் கூப்பிட்டார். "துளசி, ஒரே ஒரு வார்த்தை. எடிட் பண்ணும்போது ஏதோ சினிமா வசனம் கலந்துருச்சுன்னு சொல்லிரு. முகூர்த்தம் முடிய இன்னும் நேரம் இருக்கு. எம் பொண்ணு வாழ்க்கைடா இது" என்றார். அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கெட்டவர் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. "நடுவுல இடம் விட்டது எந் தப்புதாங்க. எத்தன பேர் முன்னாடி வேணும்னாலும் அதச் சொல்றேன். ஆனா குரல் அதுல இல்லைங்க" என்றார். "கட வேணுமா வேணாமா ஒனக்கு?" என்று அவர் கேட்டார். அதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்துவிட்டார். "எதுக்கு இம்புட்டுப் பேச்சு? சிடிதான இருக்கு, போட்டுப் பாத்துருவோம்" என்றார்.

மைக்கை அணைத்துவிட்டு என் பிளேயரில் போட்டேன். மேளம், அமைதி, மேளம். "ஒரு வேள உங்க மெஷின் சரியில்லையோ என்னவோ" என்றார் பெண்ணின் அப்பா. மண்டபத்து ஆபீஸில் டிவியோடு இருந்த பிளேயரில் போட்டோம். அப்படியேதான் இருந்தது. கடைசியில் தாய்மாமனின் காரில் போட்டோம். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக வந்து கார் ஜன்னலில் கையூன்றிக் குனிந்து கேட்டார். அந்த அமைதி வரும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சுத்தமாக ஒன்றும் இல்லை. எதில் போட்டாலும் ஒரே மாதிரி பாடும் தட்டாயிற்றே.

மாப்பிள்ளை நேராக மேடைக்குப் போனார். நானும் அண்ணனும் பின்னால் போனோம். "சொன்னது நீதானா?" என்று கேட்டார். பெண் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "ஆமா. ஒக்காந்ததுல இருந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். மந்திரத்துலயும் மேளத்துலயும் யாருக்கும் கேக்கல" என்றாள். அவர் மாலையைக் கழற்றி மணையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு ஏன் வேண்டாம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணனும் விசாரிக்கவில்லை. "வேண்டாம்னு சொல்லிருச்சுல்ல, அதுக்கு மேல நமக்கு என்ன?" என்றுதான் சொன்னார்.

கடை போய்விட்டது. காலி செய்த அன்று அந்த உடைசல் பிளேயர்களை என் தள்ளுவண்டியில்தான் ஏற்றினோம். அண்ணி வாசலில் நின்று, "ஊரு ஒலகத்துல யாரும் பொய்யே சொல்றதில்லையா? இவருக்கு மட்டும் நாக்கு திரும்பாதாக்கும்" என்று என்னிடம் சொல்லி அழுதார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணன் வண்டியூர் பக்கம் வீட்டிலேயே ஒரு மூலையில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பாட்டுகள் வந்தன, கல்யாண வேலை மட்டும் வரவில்லை. துளசிராம் சிடி போட்டால் கல்யாணம் நின்றுவிடும் என்று பேச்சாகிவிட்டது. அதைச் சொல்லி நாமே டீக்கடையில் சிரித்திருக்கிறோம். அவரும்கூட உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்தபின் அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் கவனித்திருக்கிறேன். ரொம்பக் களைத்த முகம் அது.

ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். "அன்னைக்கு அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தா கட இருந்திருக்கும்லண்ணே?" அவர் டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "இருந்திருக்கும். பயந்துக்கிட்டேதான் நின்னேன் மாப்ள. வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா பாருங்க, பாட்டுக்கு நடுவுல வர்ற இருமலு செருமல எல்லாம் அழிக்கிறதுதான் எம் பொழப்பு. அந்தப் பிள்ள சொன்னதையும் நானே அழிச்சிட்டேன்னா வீட்டுக்கு வந்து எப்படிச் சோறு திங்கிறது?" என்றார்.

அந்தக் கல்யாணத்தோடு நம் தொழிலில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஐயர் தாலியை எடுக்கும்போதே மைக்கை அணைத்துவிடுகிறோம். மண்டபக்காரர்களே அப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள். "நான் என்ன செய்யட்டும்ணே?" என்று அவரிடம் போய் நின்றேன். "மேளத்த எம்புட்டு வேணாலும் வாசிக்க விடுங்க மாப்ள. மைக்க மட்டும் அணைக்காதீங்க" என்றார்.

அவருடைய சிடி ஒன்றுகூட என்னிடம் இல்லை. தேய்ந்தும் கீறியும் எல்லாம் போய்விட்டன. இப்போது பென்டிரைவ் வந்துவிட்டது, தட்டு எழுதித் தரச் சொல்லி யாரும் கேட்பதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றைத்தான்: தாலி கட்டும் நேரத்தில் மேளத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கிறேன், மைக்கை அணைப்பதில்லை. மேளம் குறைகிறது என்று வீடியோக்காரர்கள் முறைக்கிறார்கள். இதற்காக இரண்டு மண்டபங்களில் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். இதுவரை எந்தப் பெண்ணும் எதுவும் சொன்னதில்லை, அது நல்லதுதான். இருந்தாலும் மூன்றாவது முடிச்சு விழும்வரை மணப்பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.