அடுப்படியைத் தேய்த்தவள்

பழைய ஆயில் பெயிண்ட் சுவர் பளபளவென்று சிரிக்கும். அந்தச் சிரிப்பை உப்புத்தாளால் தேய்த்து அடக்காமல் மேலே எதைப் பூசினாலும் நிற்காது. பூசுகிறவருக்குப் பெயிண்டர் என்று பேர். தேய்க்கிறவளுக்குப் பேரே கிடையாது. புஷ்பமேரி அப்படித் தேய்த்தே விரல் ரேகை அழிந்தவள். ரேஷன் கடை மிஷின் அவளை அடையாளம் காண மறுக்கும்.

பெயிண்டர் லூயிஸ் அவளுக்குக் கூடப்பிறக்காத அண்ணன். மகள் ஜூலிக்கு ஞானஸ்நானத்தில் கையேந்தி நின்ற ஞானத்தகப்பன். அவர் சொல்லுக்கு அவள் மறுசொல் சொன்னதில்லை.

பொங்கலுக்கு முன்னால் லாஸ்பேட்டையில் அஞ்சலாட்சி டீச்சர் வீட்டு வேலை. அடுப்படிச் சுவரில் வருஷக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கு. புஷ்பமேரி சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தாள். டீச்சர் அப்போது மகன் வீட்டில் இருந்தார். மறுநாள் ஹாலைத் தொடப் போனவளை லூயிஸ் தடுத்தார். தவளக்குப்பத்தில் அவசர வேலையாம், ஹாலைத் தானே பார்த்துக்கொள்வாராம். நம்பிப் போனாள். மனுஷன் தாளைக் கையாலும் தொடவில்லை. நோகாமல் நுங்கு தின்கிற ஆசை, அப்படியே பூசிவிட்டார்.

சித்திரை வெயில் வந்ததும் ஹால் சுவர் தோல் தோலாக உரிந்தது. அடுப்படி அசையவில்லை. டீச்சர் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். தன் தங்கை வீடு முழுவதையும் தேய்க்கும் வேலையைப் புஷ்பமேரிக்கே தருவதாகச் சொல்லியிருந்தவர் அவர். அவள் கைக்கென்று தனியாக வந்த முதல் வேலை அது.

யார் ஹாலைத் தேய்த்தது என்று டீச்சர் கேட்டார். லூயிஸ் கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஹால் இவ தேச்சது டீச்சர். அடுப்படி நான் தேச்சேன். மாதா மேல சத்தியம்."

புஷ்பமேரி அவர் பக்கம் திரும்பினாள். பழியைப் போட்டதுகூடப் பெரிதில்லை, அவள் உழைப்பையும் சேர்த்தல்லவா எடுத்துக்கொண்டார்! உள்ளதைச் சொன்னாள். அப்படியானால் நீயும் சத்தியம் செய் என்றார் டீச்சர். மாதாவை இந்தச் சண்டைக்கு இழுக்க அவளுக்கு நா எழவில்லை. அந்த மௌனமே சாட்சியாகிப்போனது. தங்கை வீட்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று டீச்சர் முடித்துவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் லூயிஸ் ஒன்றும் நடக்காதவர் போலப் பேச்சுக் கொடுத்தார். பெயிண்டர் பேரு போனால் பிழைப்பே போச்சு, உனக்கென்ன, நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்றார். வருகிற ஞாயிறு ஜூலி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு மெழுகுவர்த்தி வாங்கிவிட்டேன், பூவேலை செய்தது என்றார்.

புஷ்பமேரி நின்றாள்.

"நீங்க கோயிலுக்கு வர வேணாம்ணே. பொய்ச் சத்தியம் பண்ணிட்டு எம் பொண்ணு பக்கத்துல நிக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஞானத்தகப்பன்மார் நின்றார்கள். ஜூலி வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.