பருப்பு வேகிற தண்ணி

அடுப்பில் பருப்பு கொதிக்குது. குக்கர் வேணாம், திறந்த பாத்திரத்தில் வைன்னு மருமகளிடம் சொல்லிட்டேன். குக்கரில் எந்தத் தண்ணியிலும் வெந்துடும். திறந்து வெச்சா உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது.

இது புதுசா போட்ட போர் தண்ணி. பழைய தண்ணியில் குளிப்பாட்டி பேத்திக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. பொண்ணு குழந்தையைத் தூக்கிக்கினு மாமியார் ஊட்டுக்குப் போயிட்டா. "தண்ணி நல்லா இருந்தா சொல்லுப்பா, வர்றேன்"னா.

நுரை பொங்குது. பருப்பு முழுசாவே சுத்துது. அந்த வாசனையில் அப்பா ஞாபகம் வந்துடுச்சு.

இதே கள்ளிக்குப்பம்தான். கிணத்தை ஆழப்படுத்தின அன்னைக்கு, கிணத்தடியிலேயே கல்லு கூட்டி பருப்பு வேகவெச்சார். அக்கம்பக்கத்து ஜனம் குடத்தோட காத்துகினு இருந்தது.

எதிர் ஊட்டுக்காரர் கத்தினார்: "இன்னா அண்ணாத்தே, பருப்பா போட்ட, கூழாங்கல்லா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா சிரிக்கல.

அப்பா ஒரு பருப்பை வாயில் போட்டார். பக்கத்தில் நின்ன எனக்கு நறுக்குன்னு கேட்டுச்சு. "வெந்துடுச்சி"ன்னார். குடங்கள் கிணத்தில் எறங்கின. அதுக்கப்புறம் அம்மா முந்தின நாளே பருப்பை ஊறப்போட ஆரம்பிச்சாங்க. அவரை ஒரு வார்த்தை கேக்கல.

"வெந்துச்சா மாமா?" மருமகள் கையில் போன். அந்தப் பக்கம் பொண்ணு காத்திருக்கா. பேத்தி கத்துறது கேக்குது.

ஒரு பருப்பை எடுத்துக் கடிச்சேன். நறுக்குன்னுச்சு. அப்பா சொன்ன வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. மருமகள் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"வேகலம்மா. இன்னும் கொஞ்ச நாள் அங்கயே இரு."