நின்றவளுக்கு ஒரு கேடயம்

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுப் பிரிவில் சேலை பிரித்துக் காட்டுவது என் வேலை. கல்யாணமான புதிதில் சேர்ந்தேன்; இப்போது மகள் காலேஜ் போகிறாள். அவள் வளர்ந்ததும் என் கால் நரம்புகள் புடைத்ததும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் நடந்தன.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்களுக்கும் ஆளுக்கொரு ஸ்டூல் வந்தது. வந்த வாரமே சேலைப் பெட்டிகள் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டன. நான் இறக்குவேன், சூப்பர்வைசர் திரும்ப ஏற்றுவார். "கஸ்டமர் வர்ற நேரத்துல உக்காந்துகினு இருந்தா நல்லாவா இருக்கும், சொல்லுக்கா?" என்பார். தி. நகரில் கஸ்டமர் வராத நேரம் என்று ஒன்று இருந்தால் சொல்லுங்கள், நானும் வந்து பார்க்கிறேன்.

இந்த வருடக் கடை விழா மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. என் பேரைக் கூப்பிட்டு, 'லாங் ஸ்டாண்டிங் எம்ப்ளாயி' விருது என்றார்கள். லாங் என்றால் ரொம்ப நேரம். ஸ்டாண்டிங் என்றால் நிற்பது. அடப்பாவிகளா, நிற்க வைத்துவிட்டு அதற்குப் பரிசு வேறா என்று பற்றிக்கொண்டு வந்தது.

கூட வந்திருந்த மகள் என் காதைக் கடித்தாள். "நிக்கிறது இல்லம்மா. ரொம்ப வருஷமா இருக்கிறதுன்னு அர்த்தம். நட்பு, சண்டை, கோர்ட்டு கேஸு, இதுக்கெல்லாம் போடுவாங்க."

"நட்புக்குக் கால் வலிக்காதுடி" என்று சொல்லிவிட்டு மேடையேறினேன்.

முதலாளி குடும்பம் முழுக்க நாற்காலியில் இருந்தது. முதலாளி அண்ணாச்சி கெட்டவர் இல்லை. கேடயத்தை என் கையில் கொடுத்து, மைக்கையும் நீட்டி, "ஏதாச்சும் பேசும்மா" என்றார்.

"இதுக்குப் பதிலா அந்த ஸ்டூல்ல உக்கார வுடுங்க அண்ணாச்சி, போதும்" என்றேன்.

மண்டபமே சிரித்தது. அண்ணாச்சிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்கும் வந்தது, ஆனால் சிரிப்பினால் இல்லை. போட்டோ எடுத்து முடித்ததும், "ஷீல்டு நம்ம கடையிலயே இருக்கட்டும்மா, வர்றவங்க பாக்கட்டும்" என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் கடைக்குப் போனால், என் ஸ்டூலின் மேல் ஒரு பெட்டிகூட இல்லை. மனசு குளிர்ந்துவிட்டது. இந்த மனுஷருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே கிட்டப் போனேன். சிவப்பு வெல்வெட் துணி விரித்து, அதன்மேல் கேடயத்தை உட்கார வைத்திருந்தார்கள்.

வந்ததே கோபம். கேடயத்தைத் தூக்கினேன். உட்கார்ந்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "இன்னாக்கா இது? ஷீல்டு ஸ்டூல் மேலதான் இருக்கணும்னு அண்ணாச்சி சொல்லிக்கீறாரு."

"ஸ்டூல் மேலதான் சார் கீது" என்றேன். "நடுவுல நான் கீறேன், அவ்ளோதான்."